சாசரின் நைட், பாத் நகரத்துப் பெண்மணி, யாத்ரீகர்கள்: இடைக்கால இங்கிலாந்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்பவர்களில் பலருக்கு இடைக்கால இங்கிலாந்து அறிமுகமாவது பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் ஜெஃப்ரி சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ முன்னுரை வழியாகத்தான். கேன்டர்பரிக்கு யாத்திரை போகிறவர்கள் வழியில் கதை சொல்வதாக அமைந்த நூல் அது. அந்தக் கூட்டத்தில் முதலில் வர்ணிக்கப்படுபவர் நைட், அதாவது குதிரையேறிப் போர்செய்யும் உயர்குல வீரர். வாய்மை, மானம், தாராளம், பணிவு எல்லாம் சேர்ந்த மனிதர். அவரை வைத்தே ‘அந்தக் காலத்து வீரர்கள் இப்படித்தான் இருந்தார்கள்’ என்று முடிவுகட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கொஞ்சம் படித்த பிறகு சிலர் எதிர்த்திசைக்குப் போய்விடுகிறார்கள்: ஷிவல்ரி என்ற வீர நெறியே பிரபுக்கள் பூசிக்கொண்ட அரிதாரம், இலக்கியம் அதற்கு விளம்பரம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒன்றைத் தவறவிடுகிறது. சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே இருந்த இடைவெளி அந்தக் காலத்து எழுத்தாளர்களுக்கே நன்றாகத் தெரியும். அவர்கள் கதை கட்டியதே அந்த இடைவெளிக்குள்தான்.

நைட் கலந்துகொண்ட போர்களின் பட்டியலை வெறும் ஊர்ப்பெயர்கள் என்று தாண்டிப் போகக் கூடாது. அலெக்சாண்ட்ரியா, பிரஷ்யா, லித்துவேனியா, கிரனாடா என்று எல்லாமே தொலைதூரப் போர்கள். அதே காலத்தில் இங்கிலாந்து பிரான்சோடு நடத்திய நூறாண்டுப் போரின் பெரிய வெற்றிகளான கிரெஸி (1346), புவாத்தியே (1356) இரண்டும் அதில் இல்லை. சாசரே பிரான்சுக்குப் படையோடு போய்ப் பிடிபட்டவர். 1360இல் அவரை மீட்க மன்னர் மூன்றாம் எட்வர்ட் 16 பவுண்டு கொடுத்தார். அந்தப் போர்களைச் சாசர் மறந்துபோய் விட்டிருக்க முடியாது. அலெக்சாண்ட்ரியாவோ 1365இல் சிலுவைப்போர்ப் படையிடம் வீழ்ந்து, சில நாள் சூறையாடப்பட்டு, பிறகு கைவிடப்பட்ட நகரம். இதையெல்லாம் சேர்த்து, இந்த நைட் கூலிக்குப் போர்செய்தவர், வர்ணனை முழுக்கக் கிண்டல் என்று வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு அது அளவுமீறிய முடிவாகப் படுகிறது. லித்துவேனியப் போர்முனைக்குப் போவதை அன்றைய பிரபுக்கள் பெருமையாக நினைத்தார்கள்; பின்னால் நான்காம் ஹென்றியாக முடிசூடியவரே 1390இல் போனார். சாசரின் புகழ்ச்சியை நம்பலாம். அலெக்சாண்ட்ரியா என்ற பெயர் கேட்டவர் மனதில் எழுப்பியிருக்கக்கூடிய நெருடலையும் அதோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

வீர நெறி என்றால் பெண்களுக்குக் காட்டும் மரியாதை என்று எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. முதலில் அது போர்செய்யும் மேல்வர்க்கம் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒழுங்கு. பிடிபட்ட பிரபுவைக் கொல்லாமல் மீட்புப்பணம் வாங்கி விடுவார்கள். அதே படை போகிற வழியில் பிரெஞ்சுக் கிராமங்களைக் கொளுத்திக்கொண்டே போகும். 1415இல் அஜின்கோர்ட் களத்தில் கைதிகளைக் கொல்லும்படி ஐந்தாம் ஹென்றி ஆணையிட்டபோது அந்த உள்ஒழுங்கும் உடைந்தது.

சரி, பெண்கள் எங்கே வருகிறார்கள்? ஆர்தர் மன்னரின் காலத்தை வைத்து சாசர் எழுதியது ஒரே ஒரு கதை. அதைச் சொல்பவள் யாத்ரீகர்களில் ஒருத்தியான பாத் நகரத்துப் பெண்மணி. ஐந்து கணவர்களை மணந்தவள், துணி நெய்வதில் கைதேர்ந்தவள். ஆர்தரின் அவையைச் சேர்ந்த ஒரு நைட், வழியில் தனியாகப் போகும் பெண்ணை வன்புணர்வு செய்வதில்தான் அந்தக் கதை தொடங்குகிறது. அவனுக்கு மரண தண்டனை. அரசி குறுக்கிட்டு, பெண்கள் எதை மிகவும் விரும்புகிறார்கள் என்பதை ஓர் ஆண்டும் ஒரு நாளும் முடிவதற்குள் கண்டறிந்து வந்தால் பிழைக்கலாம் என்கிறாள். விடையைச் சொல்லித் தருவது ஒரு கிழவி. பதிலுக்குத் தன்னை மணக்கச் சொல்கிறாள். கிழவி, அழகில்லாதவள், தாழ்ந்த குலத்தவள் என்று அவன் புரண்டு புரண்டு வருந்தும்போது அவள் நீண்ட உரை ஒன்று ஆற்றுகிறாள். உயர்குணம் முன்னோரின் சொத்தோடு வருவதில்லை, கீழான செயல் செய்பவன் பிரபுவின் மகனாக இருந்தாலும் கீழானவன்தான், வறுமை இழிவல்ல என்கிறாள். தேர்வுக்குப் படிப்பவர்கள் கதையோட்டத்துக்கு நடுவே வரும் உபதேசம் என்று இதைத் தள்ளிவிடுவார்கள். எனக்கு இதுதான் கதையின் உயிர். அப்புறம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: தவறு செய்தவனுக்குக் கடைசியில் இளமையும் அழகும் கற்பும் உள்ள மனைவி கிடைக்கிறாள், கெடுக்கப்பட்ட பெண் மறுபடி கதையில் வருவதே இல்லை. கதையைக் கொண்டாடும்போதும் அந்தக் குறையை மூடிமறைக்க வேண்டியதில்லை.

அதே நூற்றாண்டின் ‘சர் கவைனும் பச்சை வீரனும்’ கவிதையை வெற்றிக் கதையாகச் சுருக்குவதும் இதே வகைத் தவறு. பச்சை வீரனின் கோடரி வெட்டுக்குக் கழுத்தை நீட்டுவதாக வாக்களித்த ஆர்தர் அவை நைட் கவைன், உயிருக்குப் பயந்து, உயிர்காக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பச்சை இடைக்கச்சையை மறைத்துவைக்கிறான். அதற்காகக் கழுத்தில் ஒரு சிறு வெட்டோடு தப்புகிறான். அரசவை சிரித்து, ஆளுக்கொரு பச்சைப் பட்டை அணிந்துகொள்கிறது. அவனுக்கோ அது அவமானச் சின்னம். யார் சரி என்று கவிஞர் சொல்லவில்லை, நாமும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். இதை எழுதியவர் பெயர் தெரியாது. ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில்தான் கவிதை மிஞ்சியிருக்கிறது. சாசரின் லண்டன் ஆங்கிலத்திலிருந்து வெகுவாக விலகிய வடமேற்கு வட்டார வழக்கு. ஆகவே சாசர் பழகிவிட்டால் இதுவும் புரியும் என்று மூலத்தோடு மல்லுக்கு நிற்காமல், நல்ல நவீன ஆங்கிலப் பெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமூகத்தைப் பற்றிய பெரிய தவறு, வழிபடுவோர், போரிடுவோர், உழைப்போர் என்ற மூன்று அடுக்கை அப்படியே நம்புவது. அது திருச்சபை வரைந்த இலட்சியப் படம். 1348இல் வந்த கொள்ளைநோயில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காவது போனது. ஆள் கிடைக்காமல் கூலி ஏறியது. அதை அடக்க 1351இல் சட்டம் போட்டார்கள். தலைவரியும் சேர்ந்துகொள்ள 1381இல் கிளர்ச்சி வெடித்து, கேன்டர்பரி பேராயரின் தலையே துண்டிக்கப்பட்டது. அப்போது சாசர் லண்டனின் ஆல்ட்கேட் கோட்டைவாயில் மேல் குடியிருந்தார். எசெக்ஸ் பக்கத்துக் கிளர்ச்சிக்காரர்கள் நகரத்துக்குள் புகுந்தது அந்த வாயில் வழியாகத்தான். ஆனால் கேன்டர்பரி கதைகளில் அந்தக் கிளர்ச்சி, சேவல் ஒன்றை நரி தூக்கிக்கொண்டு ஓடும் கதையில் ஒரு உவமையாக மட்டும் வந்துபோகிறது. அவரும் மூன்று அடுக்கில் எதிலும் பொருந்தாதவர்தான்: ஒயின் வணிகரின் மகன், கம்பளிச் சுங்க அதிகாரி. அவருடைய யாத்ரீகர்களிலும் வணிகர், வழக்கறிஞர், மருத்துவர், மாலுமி, சமையல்காரர் என்று நடுவில் இருப்பவர்களே அதிகம். பெரும் பிரபு ஒருவரும் இல்லை, பரம ஏழைகளும் இல்லை. முழுச் சமூகமும் இதில் இருக்கிறது என்று எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இனி யாத்திரை. யாத்ரீகர்கள் தேடிப் போவது கேன்டர்பரி பேராயராக இருந்த தாமஸ் பெக்கெட்டின் சமாதியை. அவர் 1170 டிசம்பர் 29 அன்று தன் தேவாலயத்துக்குள்ளேயே நான்கு நைட்டுகளால் கொல்லப்பட்டார். 1173இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். நைட் ஒருவர் பக்தியோடு அந்தச் சமாதிக்குப் போகிறார் என்பதை இந்தப் பின்னணியோடு படிக்க வேண்டும். சாசரின் கூட்டம் கேன்டர்பரி போய்ச் சேர்ந்ததாகவும் யாருக்கோ பரிசு கிடைத்ததாகவும் எழுதுவது தவறு. ஆளுக்குப் போகும்போது இரண்டு கதை, வரும்போது இரண்டு, சிறந்த கதைக்குப் பரிசு என்பது கூட்டத்தோடு வரும் விடுதிக்காரரின் திட்டம். நமக்குக் கிடைப்பது 24 கதைகள், சில பாதியில் நிற்கின்றன, பிரதிக்குப் பிரதி வரிசையும் மாறுகிறது.

யாத்ரீகர்களில் ஒருவனான பாவமன்னிப்பு விற்பவன் பன்றி எலும்பைப் புனித எலும்பு என்று காட்டி ஏமாற்றுவதைப் படித்துவிட்டு, சாசர் மதத்தையே நிராகரித்தவர் என்று முடிவு செய்யாதீர்கள். நூல் முடிவது நல்ல பாதிரியார் ஒருவரின் நீண்ட பிரசங்கத்திலும், தன் உலகியல் எழுத்துக்காக ஆசிரியர் கேட்கும் மன்னிப்பிலும். 1538இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் இடிக்கப்படும்வரை பெக்கெட்டின் சமாதிக்கு யாத்ரீகர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

யாத்திரை என்றால் கதையும் கும்மாளமும்தான் என்று தோன்றினால் மார்ஜரி கெம்ப்பின் நூலைப் படியுங்கள். இங்கிலாந்தின் லின் நகரத்துப் பெண், பதினான்கு பிள்ளைகள் பெற்றவர், எருசலேமுக்கும் ரோமுக்கும் சான்டியாகோவுக்கும் போனவர். அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய அந்த நூலின் முழுப் பிரதி 1934இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஓயாமல் அழுதார், இறைச்சி உண்ண மறுத்தார், சாப்பாட்டு மேசையில் கடவுளைப் பற்றியே பேசினார் என்று கூட வந்த யாத்ரீகர்கள் எரிச்சலுற்று, அவருடைய அங்கியைக் கத்தரித்துக் குட்டையாக்கி அவமானப்படுத்தினார்கள், வழியிலேயே அவரை விட்டுவிட்டும் போனார்கள். அவர் நிற்காமல் எருசலேம் போய்ச் சேர்ந்தார்.