ஏற்பி சொன்னதைச் செல் கேட்டதா என்று பார்ப்பது எப்படி?

வளர், பிழைத்திரு, செத்துப்போ என்ற உத்தரவுகள் பலவும் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகள் வழியாகத்தான் உள்ளே போகின்றன. இதைச் சோதிக்கப் புதிதாக வருபவர்களுக்கு நான் ஹீலா செல்களைத்தான் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) கொடுப்பேன்.

முதலில் வளர்ச்சி. முந்தைய இரவே செல்களைச் சீரம் (இரத்தத்திலிருந்து பிரித்த திரவம்) இல்லாத வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றிவிடுங்கள். சீரத்திலேயே வளர்ச்சிக் காரணிகள் இருப்பதால், அது இருந்தால் வித்தியாசமே தெரியாது. காலையில் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் ஈ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைச் சேருங்கள். 0, 5, 15, 60 நிமிடங்களில் தட்டைப் பனிக்கட்டி மேல் வைத்து, பாஸ்பட்டேஸ் (புரதத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி) தடுப்பான் கலந்த கரைசலில் செல்களை உடையுங்கள். இங்கே தாமதித்தால் பாஸ்பேட் கழன்றுவிடும். புரதங்களை எடைப்படி பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், பாஸ்போ-ஈ.ஆர்.கே. (வளர்ச்சி உத்தரவை உள்ளே கடத்தும் ஈ.ஆர்.கே. புரதம், பாஸ்பேட் ஒட்டிய நிலையில்) 42, 44 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) இரட்டைப் பட்டையாக வரும். 5 நிமிடத்தில் அடர்த்தியாக, அப்புறம் மங்கலாக. மொத்த ஈ.ஆர்.கே. மட்டும் மாறாமல் இருக்க வேண்டும்.

அடுத்தது சாவு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. டி.என்.எஃப். என்ற சமிக்ஞைப் புரதத்தை மட்டும் கொடுத்தால் ஹீலா பெரும்பாலும் சாகாது. ஏனென்றால் அது ஒட்டும் அதே ஏற்பி, என்.எஃப்.-கப்பா-பி (மரபணுக்களை இயக்கும் புரதம்) வழியாகக் காப்புப் புரதங்களையும் செய்யச் சொல்கிறது! கூடவே சைக்ளோஹெக்ஸிமைடு போட்டுப் புரத உற்பத்தியை நிறுத்துங்கள். சில மணி நேரத்தில் செல் சுருங்கி, சவ்வு கொப்புளம் கொப்புளமாகப் புடைக்கும். புரதங்களை வெட்டும் நொதிகளான காஸ்பேஸ்களில், காஸ்பேஸ்-8 தொடங்கிவைக்க, காஸ்பேஸ்-3 பார்ப் என்ற டி.என்.ஏ. பழுதுபார்க்கும் புரதத்தை வெட்டும். 116 கிலோடால்டன் பட்டை குறைந்து 89-இல் புதிதாக ஒன்று வரும்.

சைக்ளோஹெக்ஸிமைடு நச்சு, கையுறை கட்டாயம். அது மட்டும் போட்ட தட்டு ஒன்றும் ஒப்பிட வேண்டும். மிதக்கும் செல்களைக் கொட்டிவிடாதீர்கள், செத்தவை பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.