மங்கலான படத்தை அழிக்காதீர்கள்: கரைப்பறவைகளைப் படமெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஜனவரியில் கோடியக்கரை போயிருந்தோம். முனியப்பன் ஏரிக் கரையில் ஓர் இளைஞர், எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காமிராவிலேயே அழித்துக்கொண்டிருந்தார். "மங்கலாக இருக்கிறது சார், கார்டில் இடம் வேண்டும்" என்றார். எனக்கு நெஞ்சு பதறியது. பல ஆண்டுகளுக்கு முன் அதே கரைக்கு வந்தபோது நான் செய்ததும் அதுதான்.

ஃபோகஸ் பிசகுவது, வெயிலுக்கு எதிரே நிற்பது போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

களத்திலேயே அழிப்பது

குளிர்காலத்தில் நம் கரைக்கு வரும் உள்ளான்கள் எனும் கரைப்பறவைகள் பெரும்பாலும் சாம்பலும் பழுப்புமாக ஒன்றுபோலவே இருக்கும். அடையாளத்தைத் தீர்மானிக்கும் குறிகள் பலவும் மடித்த இறக்கைக்குள் ஒளிந்திருக்கின்றன. கருவால் மூக்கன் என்ற நீண்ட மூக்குக் கரைப்பறவை பறக்கும்போது இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டை தெரியும். பட்டைவால் மூக்கனுக்கு அது கிடையாது. பச்சை உள்ளானின் இறக்கை அடிப்புறம் கருமை, பொறி உள்ளானுக்கு வெளிறியது. அவை கண்ணில் படுவது ஓரிரு நொடிகள்தான். அந்த நொடியில் எடுத்த படம் பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் போன அன்று, கர்லூ சாண்ட்பைப்பர் எனப்படும் வளைமூக்கு உள்ளான் கூட்டத்தில், சற்றுக் கூனிய உடலும் குட்டைக் கால்களுமாக ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. மூக்கும் சிறிது குட்டை. டன்லின் என்ற இன்னொரு வகை உள்ளானாக இருக்குமோ என்று சந்தேகம். தமிழ்நாட்டில் அது அரிது. திடீரென்று ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்து வர, கூட்டம் மொத்தமாக எழும்பியது. விரலை எடுக்காமல் அழுத்தினேன். திரும்பும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து, அந்தப் பறக்கும் படங்கள் அத்தனையையும் அழித்தேன். இறகுக்கு இறகு தெளிவாக இருந்த, நின்ற நிலைப் படங்கள் பதினொன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மூத்தவர் ஒருவரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "பறக்கும்போது எடுத்தது எங்கே, தம்பி?" என்று கேட்டார். வளைமூக்கு உள்ளானுக்கு வாலுக்கு மேலே முழு வெள்ளை. டன்லினுக்கு அந்த வெள்ளையின் நடுவே கருங்கோடு ஓடும். எவ்வளவு மங்கலான படத்திலும் அந்தக் கோடு தெரிந்திருக்கும். பதினொரு தெளிவான படங்களால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. என் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு எதிரே இன்றும் கேள்விக்குறிதான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

இன்னொரு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்க்கும்வரை ஒரு படத்தையும் அழிக்காதீர்கள்.

இறக்கைப் படத்துக்காகக் கூட்டத்தைக் கலைப்பது

கூடவே கூடாது. மார்ச், ஏப்ரலில் அவை பல்லாயிரம் கிலோமீட்டர் வடக்கே போகக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. நீங்கள் எழுப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அது கரைகிறது. குளித்து முடித்த பறவை தானாகவே இறக்கையை உயர்த்தி உதறும். காத்திருங்கள்.

கால் நிறத்தை அப்படியே நம்புவது

கொசு உள்ளானுக்குக் கறுப்புக் கால்; டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சை. சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் இரண்டும் ஒரே நிறம். பறவை தண்ணீரில் நாலடி நடக்கட்டும், கால் கழுவப்படட்டும், பிறகு பாருங்கள்.

ஒற்றைப் பறவையை மட்டும் எடுப்பது

பக்கத்துப் பறவையும் விழும்படி ஒரு படமாவது வேண்டும். இல்லையேல் அளவு தெரியாது.

கால் வளையத்தைக் கவனிக்காமல் விடுவது

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் கோடியக்கரையில் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். காலில் வண்ணக் கொடி எனும் சிறு அடையாளப் பட்டை கட்டிய பறவையைக் கண்டால் அழகான கோணம் தேடி நிற்காதீர்கள். முதலில் அதன் காலைப் படமெடுங்கள். என்ன நிறம், வலக்காலா இடக்காலா, மேலிருந்து கீழாக எந்த வரிசை, எழுத்து உண்டா என்பதையெல்லாம் அங்கேயே, பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.