தண்ணீர் ஓடும் கணினி: முதல் லூப்பை நீங்களே கட்டலாம்

சென்னையில் மே மாத மதியம், ஏசி இல்லாத அறை. என் கிராபிக்ஸ் கார்டின் மூன்று விசிறிகளும் முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தால், பக்கத்து அறையில் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார். அந்த இரைச்சலைக் குறைக்கத்தான் வாட்டர் கூலிங் பக்கம் போனேன். கட்டி முடித்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது இரவில் கேம் ஓடும்போதுகூட அறையின் கூரை மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது.

கணினியைப் பிரித்து மாட்டத் தெரியும், ஆனால் அதற்குள் தண்ணீர் விடப் பயமாக இருக்கிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயம் நியாயமானதுதான். ஆனால் கசிவுகள் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே, அவசரப்பட்டுச் செய்த ஏதோ ஒரு வேலையில் தொடங்கிவிடுகின்றன. அதனால் இந்தப் பதிவில் முக்கால்வாசி தண்ணீர் தொடாத வேலைகள்தான்.

லூப் என்றால் என்ன

பம்ப் தண்ணீரைத் தள்ளும். அது பிராசஸர் மேலும் கிராபிக்ஸ் சிப் மேலும் உட்கார்ந்திருக்கும் வாட்டர் பிளாக் வழியாகப் போய்ச் சூட்டை வாங்கிக்கொள்ளும். பிளாக்கின் அடியில் இருக்கும் செம்புத் தகட்டில் முடியளவு மெல்லிய பள்ளங்கள் வரிசையாக இருக்கும். சூடு தண்ணீருக்கு மாறுவது அங்கேதான். பிறகு ரேடியேட்டர், அங்கே விசிறிக் காற்றில் ஆறும். ரிசர்வாயர் என்பது காற்றுக் குமிழிகள் ஒதுங்கவும் தண்ணீர் ஊற்றவும் ஒரு தொட்டி. அவ்வளவுதான். தொண்ணூறுகளின் கடைசியில் இந்தப் பொழுதுபோக்கை ஆரம்பித்தவர்கள் கார் ஹீட்டரின் ரேடியேட்டரையும் மீன் தொட்டி பம்ப்பையும் வைத்தே இதைக் கட்டினார்கள்.

புதியவர்கள் அதிகம் குழம்புவது வரிசையில். பிராசஸருக்கு முன்னால் ரேடியேட்டரா, கார்டுக்குப் பின்னாலா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,186 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் லூப்பில் 460 வாட் சூட்டை மொத்தமாகச் சேர்த்தாலும் தண்ணீர் ஒரு சுற்றில் 2 டிகிரி சொச்சம்தான் ஏறும். எனவே குழாய் எப்படி அழகாகப் போகிறதோ அப்படியே போகட்டும். ஒரே ஒரு விதி: ரிசர்வாயரிலிருந்து தண்ணீர் தானாக இறங்கி பம்ப்புக்கு வர வேண்டும். இந்த பம்ப்புகளுக்குத் தண்ணீர்தான் மசகு. வறண்டு ஓடினால் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். தண்ணீர் அறையின் வெப்பத்துக்குக் கீழே போகாது. அறை 34 டிகிரி என்றால் தண்ணீர் 44, 46 என்றுதான் நிற்கும். குளிர்நாட்டுக்காரர் காட்டும் எண்களோடு உங்கள் எண்களை ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம்.

படி 1: சூட்டைக் கூட்டி, ரேடியேட்டரை முடிவு செய்யுங்கள்

என்னுடைய பிராசஸர் ரைசன் 7 5800எக்ஸ். முழு வேலையில் 142 வாட் வரை இழுக்கும். கார்டு ஆர்டிஎக்ஸ் 3080, அதற்கு 320 வாட். கூட்டினால் 460 சொச்சம். ஒரு 120 மி.மீ. விசிறி அளவுள்ள ரேடியேட்டர் பரப்புக்கு 100 வாட் என்று வைத்துக்கொண்டால் சத்தம் அடங்கி ஓடும். எனக்கு ஐந்து விசிறி அளவு தேவைப்பட்டது: கேபினட்டின் மேலே மூன்று விசிறிக்கான ஒரு 360, முன்னால் இரண்டு விசிறிக்கான ஒரு 240.

வாங்கும்போது உலோகத்தைப் பாருங்கள். செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு எல்லாம் ஒன்றாக இருக்கலாம். அலுமினியம் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரக்கூடாது. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். விலை குறைவாகக் கிடைக்கும் ரேடியேட்டர்களில் பல அலுமினியம்தான். கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

பம்ப்புக்கு டி5 வகை போதும். 12 வோல்ட்டில் ஓடும், சத்தம் குறைவு. கார்டுக்கான பிளாக் வாங்கும்போது உங்கள் கார்டின் சரியான மாடலுக்குத்தான் வருகிறதா என்று பாருங்கள். ஒரே சிப் இருந்தாலும் போர்டு மாறினால் பிளாக் உட்காராது.

குழாயில் முதல் முறை மென்குழாய் போதும். கண்ணாடி மாதிரி வளைந்து நிற்கும் கடினக் குழாய் படத்தில் அழகுதான், ஆனால் அதில் பிஇடிஜி வகை ஏறக்குறைய 80 டிகிரியிலேயே இளகிவிடும். பம்ப் நின்று தண்ணீர் கொதிக்கும் நிலை வந்தால் ஃபிட்டிங்கிலிருந்து, அதாவது குழாயைப் பாகத்தோடு இணைக்கும் முனையிலிருந்து, நழுவலாம். மென்குழாயிலும் நான் கருப்பு இபிடிஎம் ரப்பரையே சொல்வேன். தெளிவான பிவிசி குழாய்கள் பலவற்றில், குழாயை வளையும்படி வைத்திருக்கும் இளக்கிப் பொருள் மெல்லக் கசிந்து, தண்ணீரில் கலந்து, பிளாக்கின் மெல்லிய பள்ளங்களில் பிசினாக அடைத்துக்கொள்ளும். 10/16 மி.மீ. அளவு (உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16), அதற்கேற்ற, குழாயை வளையத்தால் இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் ஃபிட்டிங். ஃபிட்டிங்கின் மரை எல்லாவற்றிலும் ஜி 1/4தான், அதனால் எந்த பிராண்டும் எதோடும் சேரும்.

படி 2: கேபினட்டை வெட்டுவது

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது. என் பழைய ஸ்டீல் கேபினட்டின் மேல்தகட்டில் இரண்டு விசிறிக்குத்தான் இடம் இருந்தது. மூன்றாவதை நானே வெட்டினேன்.

முதலில் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மதர்போர்டு அங்கே இருக்கும்போது தகடு வெட்டவே கூடாது. ரேடியேட்டர் 30 மி.மீ., விசிறி 25 மி.மீ., மொத்தம் 55. மதர்போர்டின் ரேம் குச்சிகளுக்கு மேலே அந்த 55 இருக்கிறதா என்று அட்டையில் ஒரு பெட்டி செய்து வைத்துப் பாருங்கள். 360 ரேடியேட்டரின் முழு நீளம் 390, 400 என்று வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தகட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை முழுக்க ஒட்டி, அதன் மேல் பென்சிலால் வரையுங்கள். 120 மி.மீ. விசிறியின் திருகு ஓட்டைகள் 105 மி.மீ. இடைவெளியில் இருக்கும். பக்கத்து விசிறியின் ஓட்டைக்கு வழக்கமாக 15 மி.மீ.; சில ரேடியேட்டர்களில் 20, ஆகவே கையில் இருப்பதை அளந்து குறியுங்கள். ஓட்டையின் நடுவில் ஆணியால் ஒரு குழி தட்டிவிட்டு டிரில் வைத்தால் முனை வழுக்காது. காற்றுக்கான பெரிய வட்டத்தை ஜிக்சாவில், உலோகம் வெட்டும் பிளேடு போட்டு, மெதுவாக அறுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும்; அரம் போட்டு, அப்புறம் உப்புத்தாள் தேய்த்து, ரப்பர் பீடிங்கைச் சுற்றி மாட்டிவிட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

முடிந்ததும் கேபினட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் காய வையுங்கள். இரும்புத் துகள் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ரேடியேட்டரை மாட்டும்போது திருகின் நீளத்தைக் கட்டாயம் பாருங்கள். தேவைக்கு மேல் நீண்ட திருகு உள்ளே போய், தண்ணீர் ஓடும் தட்டைக் குழாயையே குத்திவிடும். முதலில் ரேடியேட்டரைக் கேபினட்டுக்கு வெளியே வைத்து, விசிறியின் தடிமனைத் தாண்டித் திருகு எவ்வளவு உள்ளே போகும் என்று கண்ணால் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

படி 3: ரேடியேட்டரைக் கழுவுங்கள்

புது ரேடியேட்டருக்குள் பற்றவைத்தபோது மிஞ்சிய ஃபிளக்ஸும் துகள்களும் இருக்கும். சூடான தண்ணீரைப் பாதி அளவு ஊற்றி, இரண்டு வாயையும் மூடி, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கொட்டிப் பாருங்கள். எனக்கு முதல் முறை எள் தூவியது போலக் கருப்புப் புள்ளிகளும், பச்சையாகச் சில செதில்களும் வந்தன. ஏழாவது முறைதான் கிண்ணம் சுத்தமாக இருந்தது. கடைசி இரண்டு அலசல் டிஸ்டில்டு வாட்டரில். போர்வெல் தண்ணீர் உங்கள் வீட்டு வாளியில் விட்டுப்போகும் வெள்ளைப் படிவம் பிளாக்குக்குள்ளும் படியும்.

படி 4: பிளாக் மாட்டுவது

இதற்கு முன்னால், எல்லாப் பாகங்களையும் சாதாரண விசிறியோடு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பழுதான ரேமைத் தேட லூப்பைப் பிரிக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

பிராசஸர் பிளாக் எளிது. பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கார்டில் பொறுமை வேண்டும். கழற்றும் திருகுகளை ஒரு தாளில் கார்டின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். மெமரி சிப்களுக்கான தெர்மல் பேட் எந்தத் தடிமனில் எங்கே என்று பிளாக்கோடு வரும் தாளில் இருக்கும். அதில் அரை மில்லிமீட்டர் மாறினாலும் பிளாக் சிப்பைத் தொடாமல் நின்றுவிடும்.

பிளாக்கில் உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி என்று தனித்தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பிராசஸர் பிளாக்குகளில் பெரும்பாலும் இருக்கும். மாற்றினால் குளிர்ச்சி குறையும்.

படி 5: குழாயும் ஃபிட்டிங்கும்

நம் ஊரில் மரை என்றாலே டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கம் உண்டு. இங்கே சுற்றாதீர்கள். தண்ணீரைத் தடுப்பது மரை அல்ல, அதன் அடியில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். கையால் இறுக்கி, அந்த ரப்பர் போய் எதிர்ப்பரப்பைத் தொட்டதும் இன்னும் ஒரு சின்னத் திருப்பு, போதும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அக்ரிலிக் பிளாக் விரிசல் விடும்.

குழாயைத் தேவைக்குக் கொஞ்சம் நீளமாகவே, நேராக வெட்டுங்கள். முனையை இருபது விநாடி வெந்நீரில் முக்கினால் இளகி, ஃபிட்டிங்கில் அடிவரை ஏறும். குழாய் மடங்காமல் பெரிய வளைவாகப் போகட்டும். லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில், தண்ணீரை வெளியே விட, மூன்று வாய் உள்ள ஒரு டி ஃபிட்டிங்கும் திறந்து மூடும் பால் வால்வும் (ball valve) வையுங்கள். இன்று இது வீண் செலவாகத் தெரியும். தண்ணீர் மாற்றும் நாளில் கேபினட்டைக் கவிழ்க்காமல் தப்பிப்பீர்கள்.

படி 6: காற்றால் சோதனை

தண்ணீருக்கு முன் காற்று. அழுத்தமானியோடு வரும் கைப்பம்ப் லீக் டெஸ்டர் ஒன்றை ரிசர்வாயரின் மேல்வாயில் மாட்டி, 0.5 பார் வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றால் சரி.

என் முள் நிற்கவில்லை. பத்து நிமிடத்தில் 0.3க்கு இறங்கியது. எந்த இணைப்பு என்று தெரியவில்லை. லூப்பைப் பாதியாகப் பிரித்து, ஸ்டாப் பிளக் போட்டு, ஒரு பாதியை மட்டும் சோதித்தேன். அது நின்றது. மீதிப் பாதியை மறுபடி இரண்டாக்கினேன். ஒரு மணி நேரத்தில், கார்டு பிளாக்கின் ஒரு ஃபிட்டிங்கில் வந்து நின்றது. கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங்கின் மேல் இமைமுடி அளவுக்கு ஒரு இரும்புச் சீவல் ஒட்டியிருந்தது. கேபினட் வெட்டியபோது பறந்தது. கழுவிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் திருகுகள் வைத்திருந்த தட்டைக் கழுவவில்லை. அந்தச் சீவலைத் துடைத்து, ஓ-ரிங்கை மாற்றி, மறுபடி 0.5. அரை மணி கழித்தும் முள் அங்கேயே இருந்தது. காற்றுச் சோதனை செய்யாமல் தண்ணீர் ஊற்றியிருந்தால் அது கார்டின் மேல்தான் சொட்டியிருக்கும்.

படி 7: நிரப்புவது

மதர்போர்டு, கார்டு, டிஸ்க் எல்லாவற்றின் மின் கேபிளையும் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பம்ப்புக்கு மட்டும் மின்சாரம். 24 பின் கனெக்டரில் மாட்டி எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக ஓடவைக்கும் ஜம்பர் பிளக் சில்லறை விலைக்குக் கிடைக்கும். கம்பியை வளைத்துச் செய்வதைவிட அது பாதுகாப்பு. ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ பேப்பர் வையுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் நிறம் காட்டிக்கொடுக்கும்.

லூப்பில் ஓடுவதற்கென்றே கலந்து வரும் கூலண்ட் வாங்கலாம். இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டரில் அரிப்புத் தடுப்பானும் பாசி பிடிக்காமல் இருக்கும் மருந்தும் சேர்ந்த கான்சென்ட்ரேட்டை ஊற்றிக்கொள்ளலாம். பால் போன்ற நிறக் கூலண்ட்களை முதல் லூப்பில் தவிர்த்துவிடுங்கள். அந்த நிறத்துகள் நாளாக ஆக அடியில் தங்கும்.

ரிசர்வாயரை நிரப்பி, பம்ப்பை இரண்டு மூன்று விநாடி ஓட்டி, தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கும் முன் நிறுத்தி, மறுபடி நிரப்புங்கள். இப்படி ஏழெட்டு முறை. என் லூப் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் குடித்தது. அப்புறம் பம்ப்பைத் தொடர்ந்து ஓடவிட்டு, கேபினட்டை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்லச் சாயுங்கள். ரேடியேட்டருக்குள் ஒளிந்திருந்த காற்று குபுகுபுவென்று ரிசர்வாயருக்கு வரும். முதலில் அருவிச் சத்தம், பிறகு சலசலப்பு, கடைசியில் ஒன்றும் கேட்காது. அந்த அமைதிக்கு ஒரு இரவு ஆகலாம். இரவு முழுக்க பம்ப் மட்டும் ஓடட்டும், காலையில் டிஷ்யூவை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

படி 8: உயிர் கொடுப்பது

கேபிள்களை மாட்டுங்கள். பம்ப்பின் வேகம் காட்டும் கம்பியை மதர்போர்டின் சிபியு ஃபேன் முனையில் செருகினால், பம்ப் ஓடாத நாளில் கணினி எச்சரிக்கும்.

லூப்பில் தண்ணீரின் வெப்பம் அளக்கும் சென்சார் ஒன்று வையுங்கள், விலை குறைவுதான். விசிறிகளை அந்த எண்ணைப் பார்த்து ஓட்டுங்கள். பிராசஸர் வெப்பத்தைப் பார்த்து ஓட்டினால் ஒவ்வொரு கிளிக்குக்கும் விசிறி ஏறி இறங்கும். தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும், விசிறியும் மெதுவாகவே ஏறும். அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான். தண்ணீர் 60 டிகிரியைத் தொடவே கூடாது. என்னுடையதில் 50க்கு எச்சரிக்கை வைத்திருக்கிறேன்.

ரேடியேட்டர் தூசியை மாதம் ஒரு முறை ஊதிவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். நிரப்பிய அன்றே ரிசர்வாயரில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடும் பக்கத்தில் தேதியும் எழுதுங்கள். குழாய் வழியாக மிகக் கொஞ்சம் ஆவியாகும், மட்டம் மெல்ல இறங்குவது இயல்பு. ஒரே வாரத்தில் கோட்டுக்குக் கீழே விரற்கடை இறங்கினால் கணினியை அணைத்துவிட்டு மறுபடி டிஷ்யூவை எடுங்கள்.