'வித்' வினையைத் துரத்துகிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

'வீடியோ' என்ற சொல்லே 'வேத'த்திலிருந்து வந்ததுதான் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றும். பாதி சரி, அதனால்தான் எளிதாக ஏமாறுகிறோம். சமஸ்கிருதத்தில் 'வித்' என்றால் அறிதல், வேதம் அதிலிருந்து வந்தது. லத்தீனில் 'விதேரே' என்றால் பார்த்தல், வீடியோ அதிலிருந்து. இரண்டும் உறவுதான், ஆனால் தாயும் மகளும் இல்லை, அக்காவும் தங்கையும். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் ஒரு பொது மூலம் இருந்திருக்க வேண்டும், அது இப்போது இல்லாமலும் போயிருக்கலாம் என்று கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த மொழி அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் 1786இலேயே அங்கே சொல்லிவிட்டார்.

சரி, எப்படித் தெரியும்? 'எனக்குத் தெரியும்' என்பதற்கு சமஸ்கிருதத்தில் 'வேத', கிரேக்கத்தில் 'ஒய்த'. மூலத்தில் இருந்த 'ஒய்' ஒலியைக் கிரேக்கம் அப்படியே வைத்திருக்கிறது, சமஸ்கிருதம் அதை 'ஏ' ஆக்கிவிட்டது. முதலில் நின்ற வகரத்தை சமஸ்கிருதம் காப்பாற்றியது, கிரேக்கம் தொலைத்துவிட்டது. ஆளுக்கொன்றைத் தொலைத்த இருவரில் யாரை யாருக்குத் தாய் என்பது? பொருளும் இதில் அழகாகப் புரியும், 'பார்த்திருக்கிறேன்' என்பதுதான் நாளடைவில் 'தெரியும்' ஆகியிருக்கிறது.

அடுத்த வழுக்கல் நம் எழுத்திலேயே இருக்கிறது. சமஸ்கிருதத்தின் நான்கு தகரங்களையும் நாம் ஒரே 'த'வில் அடக்கிவிடுகிறோம், அதனால் தமிழில் பார்த்தால் விதி, விதவை, வித்தை மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலவே தெரியும். வித்தை மட்டுமே 'வித்'தின் பிள்ளை. விதியில் இருப்பது 'வி' என்ற முன்னொட்டும் 'தா' (வைத்தல்) என்ற வேறு வினையும். விதவைக்கும் 'வித்'துக்கும் தொடர்பே இல்லை. விதை? அது நம் சொந்தச் சொல், அதை விட்டுவிடுங்கள்.

சமஸ்கிருதச் சொல் என்றால் நேராகத் தமிழுக்கு வந்தது என்று நினைப்பதும் தப்பு. 'வித்யா' பிராகிருதத்தில் (சமஸ்கிருதத்துக்கு உறவான பழைய பேச்சுமொழிகளில்) 'விஜ்ஜா' ஆகி, அந்த வழியாகவும் நம்மிடம் வந்திருக்கிறது: சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் வரும் 'விஞ்சையர்' வேறு யாரும் இல்லை, வித்தை தெரிந்த வானுலகவாசிகளான வித்யாதரர்கள்தான்.

அப்புறம், பொருள் தள்ளிப் போய்விட்டதே என்று உண்மையான பிள்ளைகளை விரட்டிவிடாதீர்கள். வேதனை இந்தக் குடும்பம்தான், உணர்தல் என்ற பொருள் வலியில் போய் முடிந்தது. 'நிவேதனம்' என்றால் தெரியப்படுத்துதல். சாமி முன் வைத்து 'இதோ' என்று தெரியப்படுத்துகிறோமே, அந்த நைவேத்தியச் சர்க்கரைப் பொங்கலிலும் இருப்பது இதே 'வித்'.