படித்த மாதிரி இருக்கிறது, எழுத வரவில்லை: கல்லூரிப் படிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியில் நன்றாகப் படித்தவர்கள்கூடக் கல்லூரியின் முதல் பருவத்தில் தடுமாறுவது உண்டு. பாடம் கடினமாகிவிட்டது என்பது பாதிக் காரணம்தான். பள்ளியில் வாரத் தேர்வு, வீட்டுப்பாடம், எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கும் ஆசிரியர் என்று நமக்கு எவ்வளவு தெரியும் என்பதை யாராவது அளந்துகொண்டே இருப்பார்கள். கல்லூரியில் அந்த வேலை மாணவர் தலையில் விழுகிறது. அது விழுந்ததே பலருக்கு முதல் தேர்வு முடிவு வந்த பிறகுதான் உறைக்கிறது.

திரும்பத் திரும்ப வாசிப்பது

இதுதான் பெரிய தவறு. கடுமையாக உழைப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது வருத்தமான விஷயம். பாடத்தை நான்காம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போயிருக்கும். அந்தப் பழக்கத்தை மனம் 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் தேர்வில் கேட்பது வேறு: எதிரில் எதுவும் இல்லாதபோது நினைவிலிருந்து எடுத்து எழுத முடியுமா என்பது.

உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு குழு ஓர் உரைப்பகுதியை நான்கு அமர்வுகளிலும் வாசித்தது. இன்னொரு குழு முதல் அமர்வில் மட்டும் வாசித்துவிட்டு, மீதி மூன்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இத்தனைக்கும் தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் வாசித்த குழுவினர்தான்.

கணக்குப் பாடத்தில் இந்த ஏமாற்றம் இன்னும் ஆழமானது. இரண்டு சார்புகளின் பெருக்கலைத் தொகையிட உதவும் பகுதித் தொகையிடலில் (integration by parts) ஒரு தீர்த்த கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து இயல்பாக வருகிறது, தலையாட்டிக்கொண்டே முடித்துவிடலாம். அதே கணக்கை வெற்றுத் தாளில் தொடங்கினால் முதல் வரியிலேயே பேனா நின்றுவிடும். இரண்டு சார்புகளில் எதை வகையிடுவது, எதைத் தொகையிடுவது என்ற முடிவைப் புத்தகம் ஏற்கெனவே எடுத்துவிட்டது. அந்த முடிவுதான் கணக்கே, மீதி வெறும் எழுத்து வேலை. ஆகவே தீர்வை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள். நின்றால் ஒரே ஒரு வரியை மட்டும் திறந்து பார்த்து, மறுபடி மூடித் தொடருங்கள். மறுநாள் அதே கணக்கைத் துணையில்லாமல் முதலிலிருந்து போட்டால்தான் அது உங்களுடையது.

மற்றப் பாடங்களுக்கு: ஒரு பகுதியை ஒரு முறை கவனமாக வாசியுங்கள். புத்தகத்தை மூடி, 10 நிமிடம் நினைவில் உள்ளதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையால் சேருங்கள். அடுத்த நாள் அந்த வேறு நிறப் பகுதியை மட்டும் சோதித்தால் போதும், ஒரு வாரம் கழித்து முழுவதையும். முதல் தடவை பாதிகூட வராது. மனம் தளர வேண்டாம், வராததைத் தேடி எடுக்கும் அந்தச் சிரமம்தான் நினைவைப் பலப்படுத்துகிறது. பக்கம் முழுக்க மஞ்சள் கோடு போடுவது இந்தச் சிரமத்தைத் தவிர்க்க வழி தருகிறது, அதனால்தான் அது பயனில்லாமல் போகிறது.

சந்தேகத்தைச் சேர்த்து வைப்பது

மூன்றாம் வாரத்தில் புரியாத ஒரு கருத்தின் மேல்தான் ஏழாம் வாரப் பாடம் நிற்கும். அப்போது ஏழாம் வாரமும் புரியாது, எங்கே விட்டோம் என்பதும் தெரியாது. கேட்கத் தயங்குவதற்குக் கூச்சம் ஒரு காரணம். எதைக் கேட்பது என்று தெரியாதது அதைவிடப் பெரிய காரணம். "இந்தப் பாடமே புரியலை சார்" என்று போய் நின்றால் ஆசிரியர் முழுப் பாடத்தையும் வேகமாக ஒரு முறை சொல்வார், அதே இடத்தில் மறுபடி தொலைந்துபோவோம். "மூன்றாவது வரி வரைக்கும் வருது சார், நாலாவதில் குறி ஏன் மாறுதுன்னு தெரியலை" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். புரிந்த கடைசி வரியைப் பென்சிலால் குறித்துக்கொண்டு போங்கள், அந்த வாரத்துக்குள்ளேயே.

கெடுவைப் பார்த்து நாளைக் கணக்கிடுவது

'இரண்டு நாளில் முடித்துவிடலாம்' என்ற கணக்கு ஏறக்குறைய எப்போதும் பொய்க்கும். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். ஆனது சுமார் 55 நாள். எல்லாம் மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன 49 நாளைக்கூட அது தாண்டியது.

வேலை எப்படி நடக்கும் என்று கற்பனை செய்யாமல், போன ஒப்படைப்புக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் ஆனது என்பதைக் குறித்து வைத்து அதையே அளவாகக் கொள்ளுங்கள். அந்தப் பதிவு இல்லையென்றால் மனதில் தோன்றும் நேரத்தை ஒன்றரை மடங்காக்குங்கள். தலைப்பு கிடைத்த அன்றே அரை மணி நேரம் உட்கார்ந்து கேள்வியை வாசித்து, ஐந்து வரி எழுதிவிடுங்கள். தேவையான நூலோ தரவோ கைக்கு எட்டாது என்பது அன்றைக்கே தெரிந்தால் மாற்று வழி தேடலாம், கடைசி இரவில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு மாற்றி எழுதலாம் என்று ஒட்டி வைப்பது

எழுத்துத் திருட்டில் சிக்குபவர்கள் எல்லோரும் திருடும் எண்ணத்தோடு தொடங்குவதில்லை. பத்து பத்திகளை வெட்டி ஒட்டுகிறார்கள், நான்கு நாள் கழித்து எது தன் வரி, எது பிறர் வரி என்று தெரியாமல் போகிறது. சில சொற்களை மட்டும் மாற்றி, வாக்கியத்தின் எலும்புக்கூட்டை அப்படியே விட்டாலும் அது திருட்டுதான். மேற்கோள் வரியை எடுக்கும்போதே மேற்கோள் குறி, நூல், பக்க எண் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். மற்றதை மூலத்தை மூடிவிட்டு எழுதுங்கள்.

தேர்வு அறையில்

3 மணி நேரம், 100 மதிப்பெண் என்றால் வாசிக்கவும் சரிபார்க்கவும் 15 நிமிடம் போக 165 நிமிடம். 10 மதிப்பெண் கேள்விக்குச் சுமார் 16 நிமிடம். நன்றாகத் தெரிந்த கேள்விக்கு 30 நிமிடம் எழுதுவதுதான் வழக்கமான விபத்து. பதினொன்றாவது மதிப்பெண் அங்கே கிடையாது, ஆனால் கடைசிக் கேள்வி எழுதப்படாமல் போகும். முந்தைய இரவு விழித்துப் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கே பிசகும். படித்தது நினைவில் படிவதற்கும் தூக்கம் வேண்டும்.

விடைத்தாள் திரும்பி வந்ததும் மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பையில் திணிக்காதீர்கள். இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணின் பக்கத்திலும் காரணத்தை எழுதுங்கள்: தெரியவில்லை, தெரிந்தும் கேள்வியைத் தவறாகப் படித்தேன், நேரம் போதவில்லை. முதலாவது அதிகமென்றால் மூடி வைத்து எழுதும் பழக்கம் வேண்டும். இரண்டாவதுக்கு, 'விளக்குக', 'ஒப்பிடுக' போன்ற ஏவல் சொல்லை அடிக்கோடிட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூன்றாவதுக்குப் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரம் வைத்து முழுவதுமாக ஒரு முறை எழுதிப் பாருங்கள்.