எச்ஆர் பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்

அமெரிக்காவில் வேலைப் பாகுபாட்டு வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீல் ஆபீசில், வருகிறவர்களின் கதையை முதலில் கேட்டுக் குறிப்பெடுப்பது என் வேலை. பெரிய கம்பெனி மீது ஃபெடரல் கோர்ட்டில் கேஸ் போட வருகிறவர்கள் அதே சில இடங்களில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். கோபத்தில் மேனேஜருக்கு மெயில் தட்டாதீர்கள் போன்ற அறிவுரையெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

உள் விசாரணை முடியக் காத்திருப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். 1964-ம் வருடக் குடிமை உரிமைகள் சட்டப்படி நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது, முதலில் ஈஈஓசி என்கிற சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதற்குக் கெடு 180 நாள். பாகுபாட்டுப் புகார்களுக்கென்று சொந்த அலுவலகம் உள்ள மாநிலங்களில் 300. எச்ஆர் விசாரித்துக்கொண்டிருக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நின்று காத்திருக்காது.

பெண் என்பதால் பிரமோஷன் மறுக்கப்பட்ட ஒருவர் தடித்த ஃபைலோடு வந்தார். தேதி வாரியாக அடுக்கி, கலர் கலராகச் சீட்டு ஒட்டி, அவ்வளவு நேர்த்தி. உள்ளே பாதிக்கு மேல் "பரிசீலனையில் உள்ளது, பொறுமைக்கு நன்றி" என்ற எச்ஆர் மெயில்கள். அடியில் இருந்த மறுப்புக் கடிதத்தின் தேதியைப் பார்த்ததும் வக்கீல் பேனாவை மூடிவிட்டார். கம்பெனி பொய் சொல்லவில்லை, கெடு தாண்டும்வரை பரிசீலித்துக்கொண்டேதான் இருந்தது!

வேலையை விட்ட நாளிலிருந்து எண்ணுகிறவர்களும் உண்டு. டெலவேர் ஸ்டேட் கல்லூரிக்கு எதிரான ரிக்ஸ் வழக்கில் 1980-லேயே சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது: நிரந்தரப் பதவி கிடையாது என்று ஆசிரியருக்குத் தெரிவித்த அன்றே கணக்கு தொடங்கிவிடும். அதன்பின் ஒரு வருடம் வேலையில் இருந்ததும், உள்ளே முறையீடு நிலுவையில் இருந்ததும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

புகாரில் ஒரு காரணத்தோடு நிறுத்திக்கொள்வது

டெக்சஸில் ஃபோர்ட் பெண்ட் கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகத்தின் ஊழியர் ஒருவர், பாகுபாட்டுக்கு 'மதம்' ஒரு காரணம் என்பதை வேறொரு தாளில் கையால் எழுதினார், முறையான புகாரில் சேர்க்கவில்லை. 2019-ல் விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 'புகாரில் மதம் இல்லையே' என்ற ஆட்சேபத்தைக் கவுண்டி வருடக்கணக்காக எழுப்பாமல் விட்டதால் ஊழியர் பிழைத்தார். உங்கள் கம்பெனியின் வக்கீல் அப்படித் தூங்கமாட்டார்.

அனுமதிக் கடிதம் வந்த பிறகு

வழக்குப் போடலாம் என்று ஈஈஓசி தரும் கடிதம் கைக்கு வந்த 90 நாளுக்குள் வழக்குப் போடுங்கள்.

மில்லியன் கணக்கு போடுவது

கம்பெனி எவ்வளவு பெரிதானாலும் 1964-ம் வருடச் சட்டத்தில் மன உளைச்சலுக்கான இழப்பீடும் தண்டத் தொகையும் சேர்த்து 3 லட்சம் டாலர்தான் உச்சவரம்பு. பாக்கிச் சம்பளம் தனி. இனப் பாகுபாடு என்றால் மட்டும் 1866-ம் வருடச் சட்டத்திலிருந்து வந்த இன்னொரு வழி உண்டு. அதில் ஈஈஓசி புகாரும் வேண்டாம், இந்த உச்சவரம்பும் இல்லை, கெடுவும் பெரும்பாலும் 4 வருடம். உங்கள் கேஸ் அந்த வகை என்றால் வக்கீலிடம் அதைத் தனியாகக் கேளுங்கள்.