தடைப் பதிவேட்டைத் திறந்தீர்களா? கட்டுமான மேலாண்மை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டுமான மேலாண்மையில் எம்.இ. படிக்கும் மாணவர் ஆய்வுத் தலைப்போடு வந்தால், அதில் ‘தாமதத்துக்கான காரணங்கள்’ என்ற சொற்கள் இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். தலைப்பில் குற்றமில்லை. பாலமும் மருத்துவமனையும் குடியிருப்பும் சொன்ன தேதியில் முடியாமல் இழுத்தடிக்கும்போது, ஏன் என்று கேட்பது நல்ல கேள்விதான். கேட்கும் விதத்தில்தான் ஆய்வு கெட்டுப்போகிறது.

வழக்கமான பாதை இது. பழைய கட்டுரைகளிலிருந்து ஐம்பது, அறுபது காரணங்களைத் திரட்டுவார்கள். சவூதி அரேபியாவின் பெரிய திட்டங்களைப் பற்றி அசாஃப், அல்-ஹெஜ்ஜி இருவரும் 2006இல் எழுதிய கட்டுரையில் 73 காரணங்கள் இருக்கின்றன. அந்த ஊரின் பட்டியல் அப்படியே நம் ஊர் கூகுள் படிவத்தில் ஏறும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்லி வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டு, வந்த நாற்பது பதில்களைக் கொண்டு எந்தக் காரணம் எவ்வளவு முக்கியம் என்று காட்டும் ஒப்பு முக்கியத்துவக் குறியீட்டைக் கணக்கிட்டு, தரவரிசை போட்டு முடித்துவிடுவார்கள்.

இங்கே முதல் தவறு, கருத்தைக் கேட்டுவிட்டு நிகழ்வை அளந்ததாக எழுதுவது. ஒப்பந்ததாரரைக் கேட்டால் பில் பணம் வரவில்லை என்பார். உரிமையாளரைக் கேட்டால் ஆள் போடவில்லை என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை; அவரவர் நின்ற இடத்திலிருந்து கண்டதைச் சொல்கிறார்கள். “ஒப்பந்ததாரர்கள் நிதிப் பற்றாக்குறையை முதற்காரணமாகக் கருதுகிறார்கள்” என்று எழுதலாம். “நிதிப் பற்றாக்குறையே முதற்காரணம்” என்று எழுத அந்தப் படிவம் உரிமை தரவில்லை.

நிகழ்வு வேண்டுமென்றால் அது சைட்டிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறை வேலைகளில் ‘ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர்’ என்ற தடைப் பதிவேடு பராமரிக்கப்படுகிறது. என்ன தடை, எந்தத் தேதியில் வந்தது, எப்போது நீங்கியது, எத்தனை நாள் போயிற்று என்று வரிசையாக இருக்கும்; இரு தரப்பும் கையெழுத்திடுவார்கள். காலநீட்டிப்பு கேட்கும்போது அதுதான் ஆதாரம். அனுமதி வாங்கி, ஒரு வாரம் சைட் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தப் பதிவேட்டை நகலெடுத்த மாணவரின் ஆய்வை, நானூறு கூகுள் பதில்களுக்கு மேலாக நான் மதிப்பேன். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட வேண்டாம். காலநீட்டிப்புக்காகக் கடைசியில் உட்கார்ந்து நிரப்புவதும் நடக்கிறது. ஆறு மாதப் பதிவுகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். சைட் டைரியையும், முடிந்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் எம்.புக்கையும் எடுத்துத் தேதிகளை ஒப்பிடுங்கள். தடைப் பதிவேட்டில் வேலை நின்றிருந்த நாளில் எம்.புக்கில் கான்கிரீட் அளவு ஏறியிருந்தால், உங்கள் ஆய்வுக்கு உண்மையான கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

அடுத்தது மூன்றாம் தசமத்தில் தொங்கும் தரவரிசை. 40 பேர் பதில் சொன்னால், மதிப்பெண்களின் கூட்டுத்தொகையை 5 பெருக்கல் 40, அதாவது 200 ஆல் வகுக்கிறோம். ஒரு காரணம் 163 மதிப்பெண் பெற்றால் குறியீடு 0.815. இன்னொன்று 162 பெற்றால் 0.810. முன்னது மூன்றாம் இடம், பின்னது நான்காம் இடம் என்று அட்டவணை சொல்லும். ஒரே ஒருவர், ஒரே ஒரு கேள்வியில் 4க்குப் பதில் 5ஐத் தொட்டிருந்தால் இரண்டும் சமம். அந்த ஒரு விரல் அசைவின் மேல் இரண்டு பக்க விவாதம் கட்டக் கூடாது. படிவத்தின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கும் கிரான்பாக் ஆல்ஃபா 0.9ஐத் தாண்டியது என்பதும் காப்பாற்றாது. ஒத்த கேள்விகளைக் கூட்டக் கூட்ட அது ஏறும். மழையும் மணல் தட்டுப்பாடும் ஒரே குணத்தின் இரண்டு முகங்களும் அல்ல.

யாரைக் கேட்டோம் என்பதும் உறுத்துகிறது. ஆங்கிலப் படிவம் மேஸ்திரியை எட்டாது. பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கம்பி கட்டுபவரையும் எட்டாது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ‘தொழிலாளர் திறன் குறைவு’ என்ற வரிக்கு மட்டும் மதிப்பெண் போடுவது அநியாயம்.

கட்டடப் பராமரிப்புச் சேவைகளைப் பற்றிய ஆய்வுகளில் வேறொரு நோய் உண்டு: மூலத்தைத் திறந்து பார்க்காமல் எண்ணை எடுத்தாள்வது. 1:5:200 என்ற விகிதத்தைப் படித்திருப்பீர்கள். ஓர் அலுவலகக் கட்டடத்தைக் கட்ட 1 ரூபாய் ஆனால், பராமரிக்க 5 ரூபாய், அங்கே தொழிலை நடத்தச் சம்பளம் உட்பட 200 ரூபாய் என்பது அதன் பொருள். 1998இல் பிரிட்டனின் ராயல் பொறியியல் அகாதெமி வெளியிட்ட ஓர் அறிக்கையிலிருந்து புறப்பட்டு, அது உலகம் சுற்றியது. ரெடிங் பல்கலைக்கழகத்தின் வில் ஹியூஸும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் அதன் வேரைத் தேடிப் போனார்கள். விகிதத்துக்கு அடிப்படையான தரவு அந்த அறிக்கையில் இல்லை. எந்தச் செலவு எதில் சேர்கிறது என்ற வரையறையும் இல்லை. உண்மையான அலுவலகக் கட்டடங்களின் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1:0.4:12. பராமரிப்பின் அருமையைச் சொல்ல விரும்பும் எவருக்கும் 200 என்ற எண் இனிக்கும். நானும் அதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை.

இத்தகைய கணக்கில், தொகை எந்த ஆண்டின் மதிப்பில் இருக்கிறது என்பதையும் எழுதியாக வேண்டும். 25 ஆண்டு கழித்துச் செலவாகும் 1 லட்சம் ரூபாயின் இன்றைய மதிப்பு, ஆண்டுக்கு 8 சதவீதக் கூட்டுவட்டியில் பின்னோக்கிக் கணக்கிட்டுக் கழித்தால், சுமார் 14,600 ரூபாய்தான். கழித்தாரா இல்லையா என்பதிலேயே விகிதம் தலைகீழாகும்.

புகார்ப் பதிவேட்டை வைத்துச் சேவைத் தரத்தை அளப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புகார் குறைந்தால் சேவை உயர்ந்தது என்று எழுதிவிடாதீர்கள். சொல்லிப் பயனில்லை என்று குடியிருப்பவர்கள் ஓய்ந்திருக்கலாம். லிஃப்ட் நின்றது என்று காலை 9.10க்குப் புகார், 11.20க்கு ‘சரிசெய்யப்பட்டது’ என்று பதிவாகும். மறுநாள் அதே லிஃப்ட் நின்றால் புது எண்ணில் புதுப் புகார். கணினி இதை இரண்டு வெற்றிகளாக எண்ணும். எந்த லிஃப்ட் என்பதை வைத்து வரிசையை மாற்றி அடுக்குங்கள். அதே கோளாறு எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்று பாருங்கள். நான்காம் மாடியில் முழங்கால் வலியோடு இருப்பவரிடம் அந்த நாட்களில் எப்படி இறங்கினார் என்று கேளுங்கள்.